மூலை கிழிந்த கவர்

புருஷோத்தமன் திருப்பதி பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தபோது, செங்கமலம் பாலசமுத்திரத்தில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து விதைக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்ததுமே, "அக்கா, அந்த லெட்டர் கெடச்சிடுச்சிக்கா" என்றான் தம்பி. எந்த லெட்டர் என்று அவள் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் 'அந்த லெட்டர்' என்றால் ஒன்றே ஒன்றுதான்.

"யாராண்டயும் சொல்லாத. ஊட்டுக்குக்கூடப் போகாம நேரா உங்கிட்டதான் வந்துகினு கீறேன். புத்தூர்ல பஸ்ஸு மாறணும். வந்து படிச்சிக் காட்றேன்."

அறுபத்தைந்து வயதுக்காரன் பேசுகிற மாதிரி இல்லை. பரீட்சையில் பாஸாகிவிட்டு மூச்சு வாங்க ஓடிவருகிற பையனின் குரலாக இருந்தது. செங்கமலம் போனை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கடலையை எடுத்தாள். காலையிலிருந்து பருப்பு முறத்துக்கும் தோல் தரைக்குமாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கை, இப்போது தோலை முறத்தில் போட்டுப் பருப்பைத் தரையில் போட்டது. அந்த லெட்டர் எப்படிக் கிடைக்கும்? அதை அவளே தன் கையால் கொளுத்திவிட்டாளே.

அது நடந்து நாற்பத்து மூன்று வருஷம் ஆகிறது. அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. கட்டிக்கொண்டவன் இரண்டே வருஷத்தில் வேறொருத்தியோடு மெட்ராஸுக்குப் போய்விட, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அப்பா முனிசாமி பெங்களூர்ப் பக்கம் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய் இரண்டு மாதமாகச் சேதி இல்லை. அம்மா ரத்னம்மா விஷக் காய்ச்சலில் பாயோடு பாயாகக் கிடந்தாள். தம்பி திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி, எம்.எஸ்ஸி கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். அந்தத் தெருவிலிருந்து அவ்வளவு தூரம் படித்தவன் அவன் ஒருவன்தான். அவன் படிக்கட்டும் என்று மூன்றாம் வகுப்போடு பலகையைப் போட்டுவிட்டு, களை எடுக்கப் போனவள் செங்கமலம்.

அன்று தபால்காரர் நாகபூஷணம் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. வழக்கமாக, "செங்கமலம், தண்ணி குடும்மா" என்று கேட்டு, கால் மணி நேரம் ஊர்க்கதை பேசாமல் நகராத மனிதர். அன்றைக்கு ஒரு கவரை வேலிப்படலில் செருகிவிட்டு, "பெங்களூர்லேந்து" என்று மட்டும் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதித்துப் போய்விட்டார். கவரைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. அதன் வலது மூலை இல்லை.

கல்யாணப் பத்திரிகை என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கும். சாவு சேதி என்றால் கடிதத்தின் மூலையைக் கிழித்து அனுப்புவார்கள். படிக்கத் தெரியாதவர்களும் பார்த்ததும் தெரிந்துகொள்ள ஏற்பட்ட வழக்கம் அது. அப்படி வந்ததை யாரும் கையில் கொடுக்க மாட்டார்கள், வாங்குகிறவர்களும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். மழையிலோ தபால் மூட்டையிலோ மாட்டி ஒரு கவரின் மூலை தானாகவே பிய்ந்துபோகும் என்று நாகபூஷணத்துக்குத் தோன்றவில்லை. படித்த நாலு எழுத்தும் மறந்துபோன செங்கமலத்துக்கு எங்கே தோன்றும்? பெங்களூர் முத்திரை, போன மூலை, சேதி இல்லாத அப்பா. மூன்றையும் சேர்த்தால் ஒரே கணக்குதான் வந்தது.

அவள் கத்தி அழவில்லை. கத்தினால் உள்ளே அம்மா உயிரை விட்டுவிடுவாள். யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொன்னால் ஒரு நாழிகையில் ஊருக்கே தெரிந்து, தம்பி பரீட்சையை விட்டுவிட்டு ஓடிவருவான். கவரை ஏரிக்கரைக்கு எடுத்துப்போய், புளியமரத்தடியில் வைத்துக் கொளுத்தினாள். நல்ல தடிமனான கவர். பற்றுவதற்கு மூன்று குச்சி பிடித்தது. தலையில் இருந்த பூவைப் பிய்த்து நெருப்பில் போட்டுவிட்டு, ஏரியில் முழுகி எழுந்து ஈரப் புடவையோடு வீட்டுக்கு வந்தாள். உசிரோடு இருக்கிற அப்பாவுக்காக மூன்று வாரம் அவள் ஒருத்தியே துக்கம் காத்தாள். களை எடுக்கிற இடத்தில் குனிந்தபடி அழுதாள். குனிந்திருக்கிறவள் அழுவதை யார் பார்க்கப்போகிறார்கள்?

தம்பி பரீட்சை முடிந்து வந்தான். வந்ததும் வராததுமாக, "எனக்கு எதுனா லெட்டர் வந்துச்சாக்கா?" என்றான். அவள் வயிற்றுக்குள் அப்பாவின் சாவை வைத்துக்கொண்டிருந்தாள். "இல்லடா" என்றாள். அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினாள்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, முனிசாமி தோளில் ஒரு பலாப்பழத்தோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். "மாசம் முடியற வரிக்கும் இருடான்னான் மேஸ்திரி. போடா நீயுமாச்சி உன் சூளையுமாச்சின்னு வந்துட்டேன்" என்றார். செங்கமலம் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்து அவருக்கே பயம் வந்துவிட்டது. அழுது ஓய்ந்து எழுந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. செத்தவர் வந்துவிட்டார். அப்படியானால் அந்தக் கவரில் இருந்தது என்ன?

அன்று ராத்திரி சாப்பிடும்போது அதற்கும் பதில் கிடைத்தது. தம்பி அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். இங்கிலாந்தில் ஒரு யூனிவர்சிட்டியில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. போவதா, வேண்டாமா, போனால் தாக்குப்பிடிக்க முடியுமா என்று யோசனை கேட்டு, பெங்களூரில் இருக்கிற ஒரு பெரிய விஞ்ஞானிக்கு வீட்டு விலாசத்தைக் கொடுத்து ஐந்து பக்கம் எழுதிப் போட்டிருந்தான். டாக்டர் வரதராஜுலு என்று பெயர். வேர்க்கடலைச் செடியின் வேரைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்னவராம். அவருடைய பதிலுக்குத்தான் காத்துக்கொண்டிருந்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தாள், பயந்தாள், மூடிக்கொண்டாள். அடுத்த வாரம் தம்பி நடுத்தெருவில் நாகபூஷணத்தின் சைக்கிளை மறித்தான். "உங்க ஊட்ல, அக்காகிட்டதாம்பா குடுத்தேன், பெங்களூர் கவரு" என்றார் அவர். தெருவே கூடி அவளைப் பார்த்தது. "எங்கிட்ட எதுவும் குடுக்கல" என்றாள் செங்கமலம். நாகபூஷணம் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். மூலை போன கவர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சொல்லவில்லை. தம்பி மேலே எழுதிப்போட, அவரைப் பிச்சாட்டூருக்கு மாற்றினார்கள். பதினைந்து வருஷம் முன்பு செத்தும் போனார்.

அந்த டாக்டரிடமிருந்து அப்புறமும் எதுவும் வரவில்லை என்றதும், கவர் வந்ததே பொய் என்று முடிவுகட்டிய புருஷோத்தமன் இங்கிலாந்துக்குப் போகவில்லை. "பெரிய மனுசங்க நம்மள மாதிரி ஆளுக்கெல்லாம் ஒரு வரி எழுத மாட்டாங்கக்கா" என்றான். அதோடு உள்ளே எதுவோ படுத்துவிட்டது. சித்தூரில் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டெண்ட் வேலை, நல்லது வரும்வரை என்று சேர்ந்தவன், முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகள் உபயோகித்த குடுவைகளைக் கழுவி அடுக்கி ரிட்டயர் ஆனான். அவன் மகன் ஹேமநாத், ஜெர்மனியில் யாரோ புரொபசருக்கு எழுதப்போவதாகச் சொன்னபோது, "எழுதாதடா, பதில் வராது, அசிங்கப்படாத" என்று தடுத்துவிட்டான். அந்தப் பையன் இப்போது சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான்.

செங்கமலம் இத்தனை வருஷத்தையும் ஒரே ஒரு நம்பிக்கையில் ஓட்டினாள். அந்த டாக்டர் 'வேண்டாம்' என்றுதான் எழுதியிருப்பார். கூலிக்காரன் மகனே, வீட்டைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இரு என்றுதான் எழுதியிருப்பார். அப்படி எழுதியிருந்தால் அவள் எரித்தது வெறும் காகிதம். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. இதை மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குத் தம்பி அந்த நம்பிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான்.

ஒரு மணிக்கு வந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பைல். தம்பிக்கு என்று அவள் களி கிண்டி, வேர்க்கடலைச் சட்னி அரைத்து வைத்திருந்தாள். "மொதல்ல கையக் கழுவிட்டுத் துன்னு" என்றாள்.

"அப்பறம் துன்றேன். நீ உக்காரு."

உட்கார்ந்தாள். அவன் எதிரே வாசற்படியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான். டாக்டர் வரதராஜுலு பிறந்து நூறு வருஷமாம். திருப்பதியில் ஒரு லைப்ரரியில் அவர் காகிதங்களையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பழைய காலேஜில் வேலை செய்கிற ஹரிபிரசாத், 'உங்க பேரு, உங்க ஊரு போட்டு ஒரு லெட்டர் கீது சார்' என்று போன் செய்திருக்கிறான்.

"அவுரு எத எழுதினாலும் கீழ கார்பன் வெச்சித்தான் எழுதுவாராம்க்கா. எனக்கு எழுதனதுக்கும் காப்பி கீது! கண்ணாடிப் பொட்டி முன்னாடி நின்னு அழுதுட்டேன். லைப்ரரி பொண்ணு வந்து, 'ஈ புருஷோத்தம் மீரேனா சார்?' அப்டின்னு கேக்குது. நேனே அம்மா, நாந்தாம்மான்னேன். உடனே ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துச்சி."

கார்பன். செங்கமலம் ரேஷன் கடையில் அந்த நீலத்தாளைப் பார்த்திருக்கிறாள். எரித்தது எரிந்துவிட்டது என்று நாற்பத்து மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு நீலத்தாளுக்கு அடியில் அது பத்திரமாக இருக்கும் என்று யார் கண்டது?

அவன் படித்தான். ஒரு வரியை இங்கிலீஷில் படிப்பான், நிறுத்தி, அதைத் தமிழில் சொல்வான்.

'அன்புள்ள புருஷோத்தமன், உன் ஐந்து பக்கக் கடிதத்தில் முதல் இரண்டு பக்கம் நன்றாக இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் வேர் முடிச்சுகளை நீ எண்ணிய முறை தப்பு. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.' இந்த இடத்தில் புருஷோத்தமன் சிரித்தான். "கரெக்டுக்கா, தப்பாத்தான் எண்ணிட்டேன்" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது.

செங்கமலம் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறார். இதோ அடுத்த வரியில் சொல்லிவிடுவார்.

'நீ கேட்டதற்குப் பதில்: போ.'

புருஷோத்தமன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். "போன்னு எழுதிக்கீறார்க்கா. ஒரே வார்த்த."

அவள் நாற்பத்து மூன்று வருஷம் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த கம்பம் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அவன் மேலே படித்துக்கொண்டே போனான்.

'கம்பளிக் கோட்டை இங்கே வாங்காதே, அங்கே பழையது நல்லதாகக் கிடைக்கும். முதல் குளிர்காலத்தில் திரும்பி ஓடிவந்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பிப்ரவரி முடிகிறவரை எந்த முடிவும் எடுக்காதே. புரியாத இடத்தில் புரிந்ததுபோல் தலையாட்டாதே, நம் ஊர்ப் பிள்ளைகள் கெட்டுப்போவது அதில்தான். அங்கே என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஓர் அறிமுகக் கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன், பத்திரமாக எடுத்துப் போ.'

கவர் தடிமனாக இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. மூன்று குச்சி.

'உன் அக்காவைப் பற்றி எழுதியிருந்தாய். உனக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவர் என்று. நீ போனால் அதிகம் இழக்கப்போகிறவர் அவர்தான். ஆகவே யாருக்கும் முன்னால் இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு. அவர் சம்மதித்தால் தயங்காதே. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் எனக்குப் பதில் எழுது. பதில் வராவிட்டால் வீட்டோடு இருக்க முடிவு செய்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன். அதுவும் மரியாதையான முடிவுதான். மறுபடி எழுதி உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன்.'

"அதான்க்கா ஊட்டுக்குப் போகல. உனக்குத்தான் மொதல்ல படிச்சிக் காட்டணும்னு சொல்லிக்கீறார் பாரு" என்றான். பிறகு தாளின் அடியைக் காட்டினான். "இங்க பென்சில்ல சின்னதா எழுதிக்கீறார். 'ஜூன் 30, பதில் இல்லை.' கீழ இன்னோண்ணு, 'ஜூலை 14, பதில் இல்லை.' ரெண்டு வாரம் எனக்காகக் கூட வெயிட் பண்ணிக்கீறார்க்கா அந்த மனுசன். நான் இன்னான்னா அவுரு நம்மள மதிக்கலன்னு..." தாளை முகத்தில் வைத்துக்கொண்டான்.

செங்கமலம் கணக்குப் போட்டாள். படிக்கத் தெரியாதவளுக்கும் இந்தக் கணக்கு வரும். அப்பா பலாப்பழத்தோடு வந்தது மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு. நடுத்தெருவில் நாகபூஷணத்தைப் பொய்யராக்கியது அதற்கடுத்த வாரம். அந்த வாரமே உண்மையைச் சொல்லியிருந்தாலும், தம்பி மறுநாள் காலையில் பஸ் ஏறிப் பெங்களூருக்குப் போய், அவர் வாசலில் நின்றிருப்பான். காகிதத்தை எரித்தது தெரியாமல் செய்தது. வாயை மூடிக்கொண்டது தெரிந்தே செய்தது.

புருஷோத்தமன் முகத்தைத் துடைத்தான். "எல்லாம் அந்த நாகபூஷணத்தால வந்தது. பாவி, செத்தும் என் வவுறு எரியுது. எங்க தூக்கிப் போட்டானோ..."

"அவுர ஒண்ணும் சொல்லாதடா" என்றாள் செங்கமலம். "அவுரு குடுத்தாரு. நாந்தான் கொளுத்திட்டேன்."

அவன் விளங்காமல் பார்த்தான். அவள் சொன்னாள். மூலை போன கவர், பெங்களூர் முத்திரை, புளியமரத்தடி, ஏரியில் முழுகியது, மூன்று வாரத் துக்கம், அப்பா வந்தது, தெருவில் சொன்ன பொய், எதையும் விடாமல் சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. கடைசியில் மட்டும், "வேணாம்னுதான் எழுதியிருப்பார்னு நெனச்சிகினு இருந்தேன்டா" என்றாள்.

எதிர் வீட்டு டிவியில் யாரோ தெலுங்கில் மாங்காய் விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்காவை அடிக்கப்போகிறவன் மாதிரியும் அக்கா மடியில் விழப்போகிறவன் மாதிரியும் அவன் உடம்பு ஒரு தடவை ஆடி நின்றது.

"எந்த மூல?" என்று கேட்டான்.

"இன்னாடா?"

"எந்த மூல கிழிஞ்சிருந்தது?"

அவள் விரலால் காட்டினாள். வலது பக்கம், மேலே. அவன் கையில் இருந்த ஜெராக்ஸின் அந்த மூலையைப் பிடித்து நகக்கண் அளவுக்குக் கிழித்தான். லேபில் முப்பத்தைந்து வருஷம் அளந்து அளந்து ஊற்றிய கை அது, கோணாமல் கிழித்தது.

"இவ்ளோவா?"

"இன்னும் கொஞ்சம்."

மறுபடி கிழித்தான். "இவ்ளோவா?"

"ஆமாண்டா" என்றாள்.

கிழித்த துண்டை அவன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். ஒரு கடலைப் பருப்பை மூடுகிற அளவு இருந்தது. "இவ்ளோதானா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

எழுந்தான். மூலை போன தாளைப் படலில், அன்றைக்கு நாகபூஷணம் செருகிய மாதிரியே செருகினான். "நைனாவுக்காக நீ மூணு வாரம் அழுத. யாரும் கூட இல்லாம அழுத. அதுவும் தெரியுதுக்கா" என்றான். வேறு ஏதோ சொல்ல வந்து, "ஹேமநாத்த எழுதாதடான்னு சொல்லிட்டேனே" என்று மட்டும் சொன்னான். வழக்கமாகத் தெருமுனை வரை மூன்று தடவை திரும்பி, 'வரேன்க்கா, வரேன்க்கா' என்று சொல்லிக்கொண்டே போகிறவன். இன்றைக்கு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பிளாஸ்டிக் பைலை வாசற்படியிலேயே விட்டுவிட்டுப் போனான்.

அடுப்பில் களி உருண்டை ஆறிக் கெட்டியாகிக்கொண்டிருந்தது. செங்கமலம் படலுக்குப் பக்கத்தில் நின்றாள். காற்றுக்குத் தாள் படபடத்தது. அதில் எது எந்த எழுத்து என்று அவளுக்குத் தெரியாது. 'போ' என்பது எங்கே இருக்கிறது, 'அக்கா' என்பது எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. ஒருவருக்கும் முன்னால் அவளுக்குத்தான் படித்துக் காட்டச் சொல்லி ஒருவர் எழுதியிருந்தார். அவள் சம்மதத்தைக் கேட்டு இத்தனை வயதில் அவளுக்கு வந்த ஒரே சொல் அதுதான்.

"போடா கண்ணு" என்றாள், ஆளில்லாத தெருவைப் பார்த்து. "போய்ட்டு வா."

பிறகு தாளைப் படலிலிருந்து எடுத்தாள். மூலை கிழிந்ததை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அது அவளுக்குத் தெரியும். வீட்டுக்குள் போய், ரேஷன் கார்டு வைக்கிற தகரப் பெட்டியைத் திறந்து, அதை உள்ளே வைத்தாள்.